கடல் ஆகாது, மலை ஆகும்

இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளில் அக்கரையில் சண்டை மூண்டு அது நின்றுபோனது. கப்பல் நின்றதால்தான் நாங்கள் போக முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். கப்பல் நிற்பதற்குப் பல வருடம் முன்பே எங்கள் பயணம் நின்றுவிட்டது. அதை நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருடம் அது. எழுபதுகளின் பின்பாதி. போடிமெட்டுக்கு மேலே இவர் வீட்டாருக்கு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. காய் பறிக்கும் மாதங்களில் இவர் மலையிலேயே கிடப்பார். வாரத்துக்கு ஒருநாள் இறங்கி வருவார், அன்றைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். புருசனோடு பேச வேண்டுமென்றால் அவர் குளிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் சாக்கில் கிணற்றடியில் நின்று பேசினால்தான் உண்டு. இது ஒரு குடித்தனமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கப்பல் யோசனை அவருடையதுதான். அவரோடு படித்த ஒருவர் போய்வந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்.

"மலிவுதான் புள்ள. மதுரைக்கு ஒரு ரயிலு, அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு ரயிலு, அப்புறம் கப்பலு. எறங்குனா மணலும் கடலும்தான். கடைசிப் பறிப்பு முடியட்டும், மாசியில மூணு நாளு போயிட்டு வந்துருவோம்" என்றார்.

"நாம ரெண்டு பேரு மட்டுமா?"

"பின்னே ஊரையா கூட்டிட்டுப் போறது?"

அந்த ஒரு பேச்சுக்காக நான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். கடலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குக் கடலைவிட அந்த மூன்று நாள்தான் பெரிதாக இருந்தது. யாரும் கூப்பிடாத, யாருக்கும் காபி போட வேண்டாத மூன்று நாள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனோம். என்ன கட்டிக்கொண்டு போவது, எந்த ரயிலில் ஏறினால் கூட்டம் குறைவு, அக்கரையில் கப்பல்துறைப் பக்கம் மலிவாக எங்கே தங்கலாம் என்று கிணற்றடியில் வாரம் ஒன்றாகப் பேசி வைத்தோம். வழிக்குப் புளிச்சோறு கட்டலாம் என்று நான் சொன்னேன். கப்பலில் எல்லோரும் பார்ப்பார்கள், ரொட்டி வாங்கிக்கொள்வோம் என்று அவர் கூச்சப்பட்டார். அதற்கு ஒரு சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமலும் இருந்தோம். தெருவில் விசயம் தெரிந்ததும் கேட்காதவர் இல்லை. "வேண்டுதலா? யாவாரமா?" சும்மா பார்க்கத்தான் என்றால் ஒருவரும் நம்பவில்லை. அந்தக் காலத்தில் போகிறவர்கள் கைலியும் சேலையும் கொண்டுபோய் விற்று, கிராம்பும் சோப்பும் வாங்கி வருவார்கள். சும்மா போவதற்குக் கப்பல் எதற்கு என்று எதிர்வீட்டுக்காரி என்னிடமே கேட்டாள்.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். தை பிறந்ததும் எனக்கு நாள் தள்ளிப்போனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், எனக்கும்தான். அன்று சாயங்காலமே மாமியார் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"கப்பலு கிப்பலெல்லாம் இனி பேசப்படாது அப்பு. மாசமா இருக்கவ புருசன் கடல்ல குளிக்கக் கூடாது, கடலைத் தாண்டக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது."

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டுதான். எனக்கும் தெரியும். ஆனால் அது அத்தோடு முடிகிற வழக்கம் இல்லை. கடலுக்குப் போகக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தே, மலையும் ஏறக் கூடாதுன்னுதானே சொல்லுவாக? இவுக நாளைக்கு மலைக்குப் போறாகளே?"

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலை நம்ம சோலி தாயி. காயி பழுத்து வெடிச்சா யாரு பொறுக்குறது? அதெல்லாம் சாமி பொறுத்துக்கும்."

சோறு போடுகிற மலைக்குச் சாமி கண்ணை மூடிக்கொள்ளும். எனக்கு வேண்டியிருந்த கடலுக்கு மட்டும் அது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் நிற்கும். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருப்பவர் போலத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறந்த பிறகு போகலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை.

சரி, பிள்ளைக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் விடவில்லை. கடைசிப் பறிப்பு நடக்கும்போது தோட்டத்தில் சமையல் செய்த சிலமலை ஊர்க்காரி காய்ச்சலென்று கீழே இறங்கிவிட்டாள். பறிக்கிற ஆட்களுக்குச் சோறு பொங்க யாராவது போயாக வேண்டும்.

"நீ போயிட்டு வா தாயி, ஒரு வாரந்தான்" என்றார் மாமியார். அன்று இவர் கீழே வந்திருந்தார். இந்த முறையாவது பேசுவார் என்று நினைத்தேன். "வெரசாக் கெளம்பு, ஜீப்பு நிக்கிது" என்றார்.

ஜீப்பில் கூலியாட்களுக்கு நடுவே, அரிசி மூட்டையின் மேல் சாய்ந்து உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வளைவிலும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலே போய் விறகு சுமந்தேன், பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினேன். மூன்றாம் நாள் ஈரத்தில் தண்ணீர் தூக்கி வரும்போது இடுப்பில் வலி பிடித்தது. அன்று மத்தியானம் காய் மூட்டைகளின் மேல் கிடத்தி என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். "மெதுவாத்தான் போறேன் ஆத்தா, பயப்படாதீக" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர் ஜீப் ஓட்டியவர் மட்டும்தான். என் வீட்டுக்காரர் வரவில்லை. பறிப்பை யார் பார்ப்பது?

பிள்ளை போய்விட்டது.

மாமியார் அழுதார். அழுதுகொண்டே பார்க்க வந்தவர்களிடம் சொன்னார், "மாசமா இருக்கவ கடலு கடலுன்னே நெனச்சுக்கிட்டிருந்தா எப்படித் தங்கும்?" குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். மலையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் பாயில் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பறிப்பு முடிந்து அவர் இறங்கி வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். அவ்வளவு பிரியமாக அவர் அதற்கு முன் தொட்டதில்லை.

"வருத்தப்படாத புள்ள. இப்பத்தான் தடை ஒண்ணும் இல்லையே. பங்குனியில கப்பலுக்குப் போயிட்டு வந்துருவமா?"

நல்ல மனசோடுதான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டேன்.

"மலைக்கு அனுப்ப வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். வாசல் பக்கம் மாமியாரின் இருமல் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மெதுவாப் பேசு, அம்மா இருக்கு" என்றார்.