ஓரக்கண்ணால் பார்க்கும் ப்ரோகிராம்

பூ டெய்லர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். துணியில் பூ போடும் கம்ப்யூட்டர் மிஷின் வைத்திருக்கிறார். அதை ஓட்டும் ப்ரோகிராமையும் தாமே எழுதிக்கொண்டவர்.

அவருடைய முதல் ப்ரோகிராம் அதிமரியாதைக்காரன். ஒவ்வொரு சுற்றுக்கும் "தொடரலாமா?" என்று கேட்டுவிட்டு, யாராவது ஒரு பொத்தானைத் தட்டும்வரை ஊசியைத் துணிக்குள் குத்தியபடியே நிற்கும். டெய்லர் டீ குடிக்கப் போனால் அதுவும் ஓய்வெடுக்கும். மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டாவதை எழுதினார். இது கேட்காது, நிற்காது. வேலையைப் பார்த்துக்கொண்டே சுற்றுக்கொரு தடவை ஓரக்கண்ணால் கீபோர்டைப் பார்க்கும். ஸ்பேஸ் பாரை யாரும் தட்டவில்லையா, மேலே போகும். தட்டியிருந்தால் கையிலுள்ள சுற்றை முடித்து, விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நிற்கும். இந்த வீட்டில் வேறு யாருக்கும் இந்தத் திறமை கிடையாது என்று மனைவியிடம் சொல்லி, அதற்குரிய பதிலையும் வாங்கிக்கொண்டார்.

அன்று மிஷினில் இருந்தது பேண்ட் மாஸ்டரின் கோட்டு. முதுகில் தங்க நூலில் ட்ரம்பெட். மாலை அதைப் போட்டுக்கொண்டு மேடையில் கை வீச வேண்டியவர், பெஞ்சில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் தம்பியோ மிஷினை ஓட்டும் அதே கம்ப்யூட்டரில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதி ட்ரம்பெட்டில் கோட்டின் வலது கை நழுவி, முதுகுக்கு அடியில் போய்ச் சுருண்டது. இன்னும் சில சுற்றில் ஊசி அங்கே வந்துவிடும். கையும் முதுகும் பிரியாத சொந்தமாகிவிடும்.

டெய்லர் பாய்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினார். மேட்ச் நின்றது. ஊசி நிற்கவில்லை.

மறுபடி தட்டினார். மேட்ச் ஓடியது.

"மாமா, பௌலர் ஓடி வர்றான். விளையாடாதீங்க."

"நானாடா விளையாடுறேன்? ஏன் நிக்க மாட்டேங்குது?"

"எனக்கு நிக்குதே."

"ஏதாவது கோளாறா?" மாஸ்டர் எழுந்தார்.

"ஒண்ணுமில்ல சார், உக்காருங்க."

குரல் சாவகாசமாகத்தான் வந்தது. கை பிளக்கின் மேல் இருந்தது. பிடுங்கினால் மிஷின் நிற்கும், விட்ட இடமும் மறந்துபோகும், மாஸ்டர் அரை ட்ரம்பெட்டோடு மேடையேறுவார். துணியை இழுக்கப் போனாலோ விரலில் தங்கப் பூ.

ஊசி டகடகவென்று நெருங்கியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ப்ரோகிராம் பார்க்கத்தான் பார்க்கிறது. ஆனால் தட்டும் தட்டெல்லாம் திரையில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. முன்னால் நின்றது கிரிக்கெட்.

"மேட்சை மூடு மாப்ளே."

"கடைசி ஓவர் மாமா."

"உங்க அக்காவைக் கூப்பிடவா?"

மேட்ச் மறைந்தது. பின்னாலிருந்த ப்ரோகிராம் முன்னால் வந்தது. ஒரே ஒரு தட்டு. வழக்கமான கண்ணியத்தோடு அது தன் சுற்றை முடித்தது; முடிக்கும்போது கோட்டுக் கையின் ஓரத்தில் சில தையல் போட்டுவிட்டே நின்றது.

டெய்லர் பிளேடால் ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். கோட்டுக் கையை ஒதுக்கிக் கட்டி, விட்ட இடத்திலிருந்து ட்ரம்பெட்டை முடித்தார்.

மாஸ்டர் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"வலது கையைக் கொஞ்சம் தூக்குங்க சார்."

"எதுக்கு?"

"சும்மா, அளவு பாக்கத்தான்."

தூக்கினார். கை மட்டும் மேலே போயிற்று; முதுகு இருந்த இடத்திலேயே இருந்தது.

"நல்லா வீசுங்க சார்," என்றார் டெய்லர், உட்கார நாற்காலி தேடியபடி.