தரையில் விழுந்த பிறகுதான் எங்கள் தண்ணீர்

இலங்கையில் தெரணியகலைக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டத்திலிருந்து, வளைகுடா நகரம் ஒன்றின் சுரங்க ரயில் நிலையத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போனேன். முதல் நாள் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். சுரங்கம் அரசாங்கத்துடையதாம், ரயிலை நடத்துவது தனியார் கம்பனியாம். இருவரும் கைகோத்திருப்பதால் எல்லாம் சிறப்பாக நடக்குமாம். எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் தோட்டத்திலும் மண் அரசாங்கத்துடையது, நடத்துவது கம்பனி. அந்தச் சிறப்பிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

சில மாதங்களில் பயணிகள் நிற்கும் மேடைக்கு மேலே கூரை ஒழுகத் தொடங்கியது. எங்கள் சூப்பவைசர் கரவனெல்லையைச் சேர்ந்த சிங்களவர், தமிழும் பேசுவார். அவரிடம் சொன்னேன்.

"கூரை கவர்மென்ட்டோடது. நம்ம தொடக்கூடாது."

"அப்ப கம்பனிகிட்ட சொல்லுவமா, சேர்?"

"கம்பனிக்கு ரயில் மட்டுந்தான். தண்ணி தரையில விழுந்தா நம்மளது. அதுக்கு முன்னால இல்ல."

ஆக, தரையைத் தொட்ட கணத்திலிருந்து அந்தத் தண்ணீருக்கு நான் பொறுப்பானேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்படியும் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். பிறகு இரு தரப்பு அதிகாரிகளும் வந்தார்கள். கூரையைப் படம் பிடித்தார்கள். கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் முறைத்தார்கள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். கூட்டு முயற்சி என்றால் என்னவென்று அன்றுதான் கண்ணால் கண்டேன். எச்சரிக்கை எனக்குக் கிடைத்தது.

அன்று மாலை மனைவி தொலைபேசியில் அழைத்தாள். ஊரில் அடைமழை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், காம்பரா என்ற ஒற்றை அறைதான் எங்களுக்கு.

"காம்பராவுல ஒரே ஒழுக்குங்க. தோட்டத்து தொரைகிட்ட போனேன், கூரைய கவர்மென்ட்டுதான் செஞ்சி குடுக்கணுமாம். கவர்மென்ட்டு கந்தோருல கேட்டா, தோட்டம் கம்பனியோடதாம்."

"நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்யிறது? கட்டில நகத்தி போட்டேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பும்வரை நிலையத்தில் சொட்டு நிற்கவில்லை. ஊருக்கு வந்த கிழமையே தகரம் வாங்கிக்கொண்டு லயத்துக் கூரையில் ஏறினேன். பாதி அடித்திருப்பேன், தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து கீழே நின்றார்.

"யாருகிட்ட கேட்டு ஏறினீங்க?"

"ரெண்டு பேருகிட்டயும் கேட்டாச்சுங்க ஐயா," என்றேன், ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு.