துஷ்யந்தி அக்காவின் ஃபோய்சன்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பதினோராவது மாடி வீடு ஒன்றுக்கு ஆறு வருடமாகக் கேஸ் தோங், அதுதான் சிலிண்டர், தூக்குகிறேன். அந்த வீட்டுக்காரிதான் துஷ்யந்தி அக்கா. ஐம்பத்து நாலு வயசு, கல்யாணம் ஆகவில்லை. யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அண்ணன் ஹரிசங்கர் சிங்கப்பூரில். அப்பா கந்தப்பு படுத்த படுக்கை. இருதயக் கோளாறு, நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. குவளையில் கோடு பார்த்து ஊற்றுவது அக்காதான். மகள் கையைத் தவிர வேறு யார் கையாலும் மனுஷன் குடிக்கமாட்டார். அதனால் அக்கா வாசலைத் தாண்டுவது பசாருக்கு மட்டும், அதுவும் ஒரு மணி நேரம்.

அக்காவுக்கு இருந்த ஒரே கிறுக்கு, இங்கிலீஷ் குறுக்கெழுத்து. பேப்பரில் வாராவாரம் வரும் போட்டி. பன்னிரண்டு வாரமும் சரியாக அனுப்பினால் கோலாலம்பூரில் ரெண்டு நாள் இறுதிப் போட்டி. பதினொன்று அனுப்பியாகிவிட்டது. நான் தோங் கொண்டுபோன அன்று பன்னிரண்டாவதின் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஃபோய்சன், தம்பி. ஏராளம்னு அர்த்தம். இப்ப வெள்ளைக்காரனே பேசறதில்ல. பிரெஞ்சுல இருந்து வந்துச்சு. அதுக்கும் முந்தி லத்தீன்ல, ஊத்துறது.”

“ஊத்துறதுக்கும் ஏராளத்துக்கும் என்னக்கா?”

“அளந்து ஊத்துனா அளவுதான். அளக்காம ஊத்திக்கிட்டே இருந்தா?”

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கே விளங்கியது.

“அப்ப அனுப்புங்க லா.”

“நான் போயிட்டா அப்பாவை யாரு பாக்கிறது?”

“நான் பாக்குறேன். ரெண்டு நாள்தானே.”

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “தோங்காரன்ர கையாலயோ நான் தண்ணி குடிக்கிறது? நல்ல கதை, பிள்ளை!”

என் தாத்தா ரப்பர் தோட்டத்துக் கூலி. எழுந்து உட்கார முடியாத கிழவருக்கு அது மட்டும் மறக்கவில்லை.

“தாகம் எடுத்தா என் கையும் இனிக்கும், ஐயா!” என்று நானும் கத்தினேன்.

அக்கா முகம் செத்துவிட்டது. “குடிக்கமாட்டாரு, தம்பி. ஆஸ்பத்திரியில நர்ஸ் குடுத்ததையே துப்புனாரு. ரெண்டு நாள் தாங்காது.”

சொல்லிக்கொண்டே போனில் கட்டத்தைப் படம் பிடித்து அனுப்பினார்.

“அப்ப போறீங்களா?”

“இல்ல. சரியாப் போட்டேன்னு அவங்களுக்குத் தெரியட்டும்.”

அடுத்த மாதம் நான் அங்கே இருக்கும்போதே கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது. அக்கா எழுந்து நின்று இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை ‘சாரி’. அதை மூன்று தடவை சொன்னார்.