நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை

என் வீட்டுக்காரர் குடும்பத்தில் நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறவியிலேயே வெள்ளை. அவருக்கு இருக்கிறது, அவருடைய தங்கைக்கும் இருக்கிறது. பத்து மாதம் சுமந்து நான் பெற்ற மகளும் அந்தக் கொத்தோடுதான் வந்து பிறந்தாள். துணியை விலக்கிப் பார்த்த நாத்தனார், "அய்ய, என்னயே பாக்குற மாதிரி இருக்குது அண்ணி!" என்று கூவினாள். எனக்கு வயிறு எரிந்தது. வலி என்னுடையது, ஜாடை அவளுடையதா?

அதோடு போகவில்லை. அந்த வீட்டில் சாமை விதைக்கும்போது முதல் பிடியை வெள்ளை முடிக்காரர்கள்தான் வீச வேண்டும். எரு சுமந்தவள் நான், கல் பொறுக்கியவள் நான். விதைக்கிற அன்றைக்கு மட்டும் நாத்தனார் ஜீப்பில் வந்து இறங்கி, என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்துக்குள் போவாள். நான் ஓரத்தில் கூடையோடு நிற்பேன். தெரியாதவர்கள் அவளைத்தான் தாய் என்று நினைப்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவள் நல்லவள்தான். அது இன்னும் எரிச்சல்.

மகள் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அறிவியல் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தாள். "இந்த முடிக்கு அப்பா கிட்டேர்ந்து ஒரு மரபணு, உங்கிட்டேர்ந்து ஒரு மரபணு, ரெண்டுமே எனக்குள்ள இருக்குதும்மா. அப்பாவோடது ஓங்கு பண்பு, ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் வெளிய தெரியும். உன்னுது ஒடுங்கு பண்பு."

"யாருடி ஒடுங்குனவ?" கையிலிருந்த கரண்டியை ஓங்கிவிட்டேன். "உங்க அத்த ஓங்குனவ, நான் ஒடுங்குனவளா? இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறாங்களா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்ன சொல்லலம்மா, பண்புக்குப் பேரு அது. மறைஞ்சி கெடக்குதே தவிர எங்கயும் போவல. நாளைக்கு என் புள்ளைக்கு உன்னுதயே குடுத்தாலும் குடுப்பேன்."

அந்த ஒரு பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் வெள்ளைக் கொத்து இல்லை என்று தெரிந்த பிறகு நான் கும்பிடாத சாமி இல்லை.

போன மாதம் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். நாத்தனாரும் நானும் ஒன்றாகத்தான் ஓடினோம். நர்ஸம்மா துணியை விலக்கினார். தலை முழுக்கக் கருகருவென்று முடி. நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "என்னுது!" என்று வாய்விட்டே சொல்லிக் கையை நீட்டினேன்.

அதற்குள் சம்பந்தியம்மா குறுக்கே புகுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "மூக்கு எங்களுது, காது எங்களுது, முடியப் பாரு, அப்படியே எங்க வூட்டு முடி! மருமவ பக்கம் ஒண்ணுமே காணோமே!"

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். நாத்தனார் என் காதோரம் வந்து, "இன்னா அண்ணி இந்தம்மா, நாம இல்லாமயா இந்தக் கொழந்த வந்துச்சி?" என்று பல்லைக் கடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் பேசிய ஒரு பேச்சு எனக்குப் பிடித்தது அன்றைக்குத்தான்.