எழுதாமல் விட்ட ஒரு விஷயம்

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைக் கட்டிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளுக்குத் தலைப்பக்கம் தூக்கி இறக்கும் இரும்புக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி எல்லாம் மாத வாடகைக்குக் கொடுக்கும் கடை அது. கடை தம்பியுடையது. போனை எடுப்பவள் அக்கா. பதினோரு வருஷமாக அந்த போன் அவளுடைய இடது காதிலேயே குடியிருந்தது.

கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோன பெண் அவள். முட்டி வலிக்கு இரண்டு நாள் லீவு கேட்டால் தம்பி சிரிப்பான்.

"நீ என்ன சம்பளத்து ஆளாக்கா? இது உன் கடை."

அந்த ஒரு வார்த்தையில் உச்சி குளிர்ந்துபோய், மறுநாளும் முதல் ஆளாக வந்து ஷட்டரைத் தூக்குவாள்.

ஒரு திங்கட்கிழமை ரசீதுப் புத்தகத்தைத் தேடும்போது தம்பியின் மேஜையில் ஒரு தாள் கிடைத்தது. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'சம்பள ஆள்' என்று தலைப்பு. லீவு போடும், உடம்புக்கு முடியாமல் போகும், வயசாகும். வலது பக்கம் 'வர்ச்சுவல் அசிஸ்டன்ட்'. வீட்டிலிருந்தே போன் பேசும், பேசிய நேரத்துக்கு மட்டும் காசு. எழுதியவள் தம்பி மனைவி. 'சம்பள ஆள்' என்பதன் பக்கத்தில் தம்பியின் கோணல் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: அக்கா.

இத்தனை வருஷம் ஆகாத சம்பள ஆள், சீட்டைக் கிழிக்கும் நேரத்தில் ஆகிவிட்டாள்!

"என்னடா இது?"

தம்பி தாளைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "சும்மா எழுதிப் பாத்தோம்க்கா. ஒரு மாசம் ட்ரையல், அவ்ளோதான். வேற ஊர்ல ஒரு பொண்ணு. நீ கொஞ்சம் சொல்லிக் குடுத்தாப் போதும்."

"எவ்ளோ நாள்தான் அண்ணி நீங்க மாடா உழைப்பீங்க?" என்று தம்பி மனைவி குரலில் தேனைத் தடவினாள்.

"அதான் மாட்ட ஓட்டி விட்டுடலாம்னு பாக்கறியாம்மா?"

யாரும் சிரிக்கவில்லை.

ட்ரையல் தேறிவிட்டால் தன் நாற்காலி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாற்காலியைத் தவிர உலகத்தில் அவளுக்கு என்று எதுவும் இல்லை. இருந்தாலும் உட்கார்ந்து எழுதினாள். எந்தக் கட்டில் எந்த மாடிப்படியில் திரும்பாது, எந்த வீட்டில் மருமகளிடம் பேச வேண்டும், எங்கே மகனிடம் பேசவே கூடாது என்று இரண்டு நோட்டுகள் நிறைய எழுதினாள். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, கட்டில் தொடர்ந்து இருக்கட்டுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவள் ஒருநாளும் "கட்டில் இன்னும் வேணுமா?" என்று கேட்டதில்லை. "மெத்தையில காத்து நிக்குதா?" என்றுதான் கேட்பாள். நோயாளி இருந்தால் மெத்தையைப் பற்றிச் சொல்வார்கள். இல்லையென்றால் மறுமுனையில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்துக்குள் அவள் நுழைய மாட்டாள். அவர்களாக வாய் திறக்கும்வரை காத்திருப்பாள். "தோணும்போது சொல்லுங்க, வண்டி அனுப்பறேன்" என்று வைத்துவிடுவாள்.

இது தெரியாத பெண் எங்காவது வாங்கிக் கட்டிக்கொள்வாள், தம்பிக்கு அப்போது புத்தி வரும் என்று கணக்குப் போட்டது அந்தப் பாவி மனசு.

கணக்குத் தப்பவில்லை. அடுத்த மாதம் மூன்றாம் தேதி, நாலு தெரு தள்ளியிருந்த தையல்காரர் கடை வாசலில் வந்து நின்றார். இரண்டு வருஷம் மனைவியைக் கட்டிலில் வைத்துப் பார்த்தவர். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார், ஊருக்கே பித்தான் தைக்கிற மனுஷன்!

"அவ போயி எட்டு நாள் ஆச்சும்மா. காலையில போன் வந்துச்சு. 'கட்டில் இன்னும் தேவைப்படுதா, இல்லன்னா இன்னைக்கே எடுத்துக்கறோம்'னு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல." அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீயாம்மா அப்படிக் கேக்கச் சொன்ன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவர் போனபிறகு தம்பி நகத்தைக் கடித்தபடி, "இந்த ட்ரையல் சரிப்படாது போலக்கா" என்றான். அவள் காத்திருந்த வார்த்தை! வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாற்காலி அவளுக்கே. ஆனால் அந்த மாறிப்போன பித்தான் கண்ணை விட்டுப் போகவில்லை. போனை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"மேடம், நோட்ல இது இல்லையே?"

"நான்தான் எழுதல."

"மறந்துட்டீங்களா மேடம்?"

"மறக்கல."

மறுமுனையில் ஒரு குழந்தை சிணுங்கியது. "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் வெளிய வேலைக்குப் போக முடியாது மேடம். நீங்க சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்மா. இப்பச் சொல்லு பாப்போம், எப்படிக் கேப்ப?"

நாலு தடவை தப்பாகச் சொன்னாள். ஐந்தாவது தடவை, "மெத்தையில காத்து நிக்குதா?" என்று வந்தது. அக்காவின் அதே இழுவை, அதே தணிவு. சொல்லிவிட்டுக் காத்திருக்கவும் செய்தாள்.

மறுவாரம் தம்பி அந்தப் பெண் பேசுவதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான். முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியாக்கா! அச்சு அசல் நீதான்! நீ சொல்லிக் குடுத்தா யாருதான் கத்துக்க மாட்டாங்க!"

அக்காவும் சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டாள்.

"காலையில எத்தன மணிக்கு வரட்டும்டா?"

"எதுக்குக்கா?" என்றான் தம்பி. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்.

அவள் படியிறங்குவதற்குள் தம்பி மனைவி அந்த நாற்காலியை ஓரமாக இழுத்துவிட்டு, அங்கே இன்னொரு கட்டில் நிறுத்த முடியுமா என்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.