ரேடியேட்டருக்கு ஒரு மக் உப்புத் தண்ணீர்

ஒரு மெக்கானிக்கின் பெயரை நான் கெடுத்தேன். அவர் வேலையில் குறை இல்லை என்று தெரிந்தே கெடுத்தேன். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று எழுத ஆசைதான்... ஆனால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

போன மாதம் ஆத்தூர் போய்த் திரும்பும் வழியில் என் கார் கொதித்து நின்றது. இருபது வயது தாண்டிய கார். பானெட்டைத் திறந்தால் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி. கட்டி இழுத்து ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் விட்டேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எட்ட நின்றே பார்த்தார். "இன்ஜினை மாத்துங்க சார். இல்லன்னா எடைக்குப் போட்டுருங்க" என்றார். அவ்வளவுதான் பரிசோதனை!

"பொன்ராஜ்கிட்ட கொண்டு போங்களேன்" என்றாள் என் மனைவி.

எந்த முகத்தோடு போவது?

மில்லர்புரத்தில் ஷெட் வைத்திருக்கும் பொன்ராஜ்தான், இரண்டு வருடம் முன்பு இதே கார் முதல்முறை கொதித்தபோது சரி செய்தவர். இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடைந்து சமமாக்கி, புது காஸ்கெட் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சார், இனிமே ரேடியேட்டர்ல கூலண்ட் மட்டுந்தான். நம்ம ஊரு போர் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகப்படாது, பாத்துக்கிடுங்க."

தலையாட்டினேன்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நாங்கள் வாய் கொப்பளிக்கக்கூட யோசிக்கிற அந்தத் தண்ணீரைத்தான், காலையில் கார் துடைக்கும்போதெல்லாம் ரேடியேட்டரில் ஒரு மக் ஊற்றினேன். லேசாகக் குறைந்திருக்கிறதே, இதற்காகக் கடை வரை போவானேன் என்ற சோம்பல். இத்தனைக்கும் நான் முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். உப்பு அலுமினியத்தை எப்படி அரிக்கும் என்று பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியே கேட்டிருக்கிறேன்!

ஆறு மாதம் கழித்து விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணம். பாதி வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது.

"ஓரமா நிப்பாட்டுங்க. முள்ளு மேல போவுது" என்றாள் மனைவி.

"முகூர்த்தம் போயிரும்" என்றேன். ஏசியை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டினேன். மண்டப வாசலில், மேளச் சத்தத்துக்கு நடுவே, கார் புகையைக் கக்கி உயிரை விட்டது. என்னோடு காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் நண்பர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

"என்னாச்சு புரொபசர்?"

"மில்லர்புரத்துல பொன்ராஜ்னு ஒருத்தன் ஹெட்டக் கழத்தி மாட்டுனான். அவன் செஞ்ச வேலையோட லட்சணத்தப் பாருங்க!"

ஒரே ஒரு வாக்கியம். எல்லோரிடமும் பழைய கார். எல்லோரும் பொன்ராஜிடம் போகிறவர்கள். புரொபசர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

விளாத்திகுளத்து மெக்கானிக் ஒருவர் காரை ஒருவழியாகக் கிளப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம், பேச்சு காதில் விழுந்து, பொன்ராஜ் வீட்டுக்கே வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "கோவிச்சுக்கிடாதீய சார். போர் தண்ணி எதும் ஊத்துனீயளா?"

"கூலண்ட் தவிர எதுவும் இல்லை" என்றேன்.

என் பின்னால், கார் பக்கத்தில், வாளியும் மக்கும் இருந்தன. அவர் அதைப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டார்.

அதன்பின் அவர் ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றது. பிழைப்புக்காகத் துறைமுகத்து டிரெய்லர் லாரிகளுக்கு ரிப்பேர் பார்க்கப் போனார். ஷெட் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்தது.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், போன மாதம், காரை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"வாங்க சார்" என்றார். ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே ஆயில், பால் கூடிப்போன டீ மாதிரி இருந்தது. "தண்ணியும் ஆயிலும் கலந்துட்டு." ஹெட்டைக் கழற்றினார். தண்ணீர் போகும் துளைகளைச் சுற்றி அலுமினியம் கறையான் தின்ற மரம்போல் பொத்துப் போயிருந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பொருக்கு. ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் சுரண்டி என்னிடம் நீட்டினார்.

"நாக்குல வச்சுப் பாருங்க."

"வேண்டாம் பொன்ராஜ்."

"உப்பளத்துக்குள்ளயா சார் வண்டி ஓட்டுனீய?"

சொல்லிவிட்டேன். மக், சிவப்பு முள், கல்யாண மண்டபம்... எல்லாவற்றையும். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். வாளியப் பாத்தேம்லா."

"அப்பவே சட்டையப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே?"

"புரொபசர் சொல்லுதது பொய்னு மெக்கானிக் சொல்லியா ஊரு நம்பும்? என்ட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அங்கன சொன்னீயள்லா... அங்கன போயிச் சொல்லுங்க."

மறுநாள் காலை நடையில் சொன்னேன். தப்பு என்னுடையது, பொன்ராஜ் வேலை சுத்தம் என்று. எங்கள் கூட்டத்தில் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் உண்டு. அவர் என் தோளில் தட்டினார். "புரொபசருக்கு எளகின மனசு வே! பாவம்னு அந்த ஆளக் காப்பாத்தப் பாக்காரு."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். என்னைப் பாராட்டினார்கள்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பொய்யை அரை நிமிடத்தில் நம்பியவர்கள், உண்மைக்கு மட்டும் சாட்சி கேட்டால் என்ன செய்வது?

சாட்சியைக் கொண்டுபோனேன். பொன்ராஜ் பழைய சாமான் கடையில் வேறு ஹெட் பிடித்து மாட்டியிருந்தார். அரித்துப்போன ஹெட்டைச் சாக்குப் பையில் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, மூச்சு வாங்கத் தூக்கிப்போய்க் கடற்கரை பெஞ்சில் 'ணங்'கென்று வைத்தேன்.

"என் கார் ஹெட். அரிச்சது என் வீட்டு போர் தண்ணி. ஊத்தினது நான்."

தாசில்தார் ஒரு பொத்தலில் விரலை விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "ஏ... நானும் ரெண்டு வருசமா அந்தத் தண்ணியத்தானய்யா ஊத்துதேன்!"

அன்று யாரும் முழுதாக நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்ராஜ் ஷெட் வாசலில் ஐந்து கார்கள். ஐந்து பேருமே "நான் கூலண்ட் மட்டுந்தான் ஊத்துவேன்" என்றார்களாம். பொன்ராஜ் சிரிக்கவில்லை. துறைமுக வேலையையும் விடவில்லை. "ஒரு தடவ பட்டாச்சு சார். நாளைக்கு இன்னொருத்தரு கல்யாணத்துக்குப் போவாரு" என்றார்.

என் கார் வீட்டுக்கு வந்துவிட்டது. முள் நடுவிலேயே நிற்கிறது. ரேடியேட்டர் மூடியைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் ஒரு சின்னப் பூட்டும் போட்டிருக்கிறார் பொன்ராஜ்.

சாவி அவரிடம். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.