ஒரு குரோஸ் வைத்தியம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், அம்மா ஒருநாள் காலையில் என் சடையைப் பாதியில் விட்டுவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்டப் போயி ரப்பர்பேண்டு போட்டுக்கோ தாயி" என்றாள். அப்பா போட்டுவிட்ட கொண்டையால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வந்ததுதான் அன்றைக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டினாள். பசை தடவிய காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பலகையில் ஒரு தேய் தேய்த்து உருவினால் வெடிக்கான குழாய். கம்பெனியில் எல்லாம் குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு. அம்மாவின் கை வேகத்துக்கு அங்கே ஈடு கிடையாது. அந்தக் கைதான் இப்போது ஈரத்துண்டைப் பிழிய முடியாமல் தொங்கியது. தீபாவளி சீசன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

லோடு ஆட்டோ ஓட்டும் அப்பா ஊரெல்லாம் விசாரித்துவிட்டு வந்து, "கத்தி வைக்காமத் தீராதுங்காக" என்றார்.

"கத்தி வச்ச கைய நம்பி எவன் வேலை குடுப்பான்?" என்றாள் அம்மா.

ஆபரேஷன் என்றால் கையையே எடுத்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அரசு ஆஸ்பத்திரியில் எங்களைப் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். காரியாபட்டிப் பக்கத்து இளம்பெண் ஒருத்தர்தான் அங்கே வைத்தியம் பார்த்தார். ஒற்றை விரலால் அம்மாவின் முழங்கையின் வெளிப்பக்க எலும்பருகே தொட்டார். அம்மா துள்ளிவிட்டாள். "இங்கனதானக்கா?" என்றார். அம்புட்டுப் பெரிய கையில் வலி ஒளிந்திருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் வாயைப் பிளந்தேன்.

தசைநார் நைந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டியதில்லை என்றார். முழங்கைக்குக் கீழே கட்ட ஒரு பெல்ட்டும், கொஞ்ச நாளைக்கு உருட்டும் வேலை வேண்டாமென்று ஒரு சீட்டும் கொடுத்தார். பிறகு தண்ணீர் பாதி நிரப்பிய பாட்டில் ஒன்றை எடுத்தார். முன்கையை மேசைமேல் வைத்து, பாட்டிலைப் பிடித்த வலது கையின் மணிக்கட்டை இடது கையால் தூக்கிவிட்டு, மெதுவாக இறக்க வேண்டும். வேளைக்குப் பதினைந்து தடவை. வைத்தியம் அவ்வளவுதான்.

கம்பெனியில் அம்மாவை லேபிள் ஒட்டப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் போனபோது வலி கூடியிருந்தது.

"எத்தன தடவ செஞ்சீக?"

"ஒரு குரோஸ்" என்றாள் அம்மா பெருமையாக. "தெனம் கம்பெனி வேன் வாரதுக்கு முன்னாடி ஒரே மூச்சுல முடிச்சிருவேன், டாக்டரம்மா."

டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இது கம்பெனி ஆர்டர் இல்லக்கா" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீ எண்ணு. அஞ்சு எண்ணுறதுக்குள்ள பாட்டில் கீழ வந்துட்டா அது கணக்குல சேராது."

எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. காலையில் தையல் மிஷின் மேல் கையை நீட்டிக்கொண்டு அம்மா உட்காருவாள். "வெரசா எண்ணு தாயி, வேன் வந்துரும்" என்று கெஞ்சுவாள். நான் அசைய மாட்டேன். அம்மாவின் கை மெதுவாக அசைந்து நான் பார்த்ததே இல்லை. அது நடுங்கி நடுங்கி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, ஏதோ கோயிலுக்குள் நிற்பதுபோல எனக்குக் குரல் தானாகத் தணிந்துவிடும்.

பாட்டிலில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. மூன்றாவது மாதம் அம்மா துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். என்னால் நம்பவே முடியவில்லை. கத்தி செய்ய வேண்டியதை ஒரு பாட்டில் தண்ணீர் செய்திருந்தது. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் அதைக் குடித்தும் பார்த்தேன். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரின் அதே உப்புதான்.

கடைசியாகப் போனபோது, கையை நீட்டியபடி ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. அம்மா தூக்கினாள். வழக்கப்படி நான் ஐந்து எண்ணினேன். நாற்காலி ஆடாமல் நின்றது.

"வலிக்குதாக்கா?"

"இல்ல" என்று நாற்காலியை இறக்கி வைத்த அம்மா, அப்படியே அதில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். குடத்தைத் தூக்க முடியாத நாட்களில்கூட அழாதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "எங்கம்மா பொய் சொல்லுது டாக்டர். வலிக்குது. இன்னும் பதினஞ்சு எண்ணட்டா?" என்றேன்.

அவர் அம்மாவின் தோளில் கை வைத்தார். "நாளையிலிருந்து உருட்டப் போகலாம், இடையிடையே கைக்கு ஓய்வு கொடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸிலும் அம்மா கண்ணைத் துடைத்தபடியே வந்தாள். இப்படி அழுகிறவளைக் குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாரே என்று, ஊர் வந்து சேரும்வரை அந்த டாக்டரம்மா மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.